நினைவும் சினாப்ஸும்: ஒரு கடல் நத்தையிலிருந்து அல்சைமர் வரை

புதிதாக ஒருவரைச் சந்திக்கிறீர்கள். தன் பெயரைச் சொல்கிறார். மறுநாள் அவரைப் பார்த்ததும் அந்தப் பெயர் தானாக வாயில் வருகிறது. நேற்றுவரை தெரியாத ஒன்று இன்று தெரிகிறது என்றால், உங்கள் மூளையில் ஏதோ ஒன்று நிஜமாகவே மாறியிருக்க வேண்டும். மாறியது எது?

இதற்கு விசித்திரமான பதில்கள்கூடச் சொல்லப்பட்டிருக்கின்றன. நினைவு ஆர்.என்.ஏ. மூலக்கூறில் பதிவாகிறது என்று 1960களில் சிலர் நம்பினார்கள். பயிற்சி கொடுத்த தட்டைப்புழுக்களை நறுக்கி, பயிற்சி பெறாத புழுக்களுக்குத் தின்னக் கொடுத்து, தீனியோடு நினைவும் சேர்ந்து உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள்! மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு நம்பும்படியாகத் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று பெரும்பாலான நரம்பியல் ஆய்வாளர்கள் ஏற்கும் பதில் வேறு: மாறுவது, மூளையின் நரம்பு செல்களான நியூரான்களுக்கு இடையே இருக்கும் இணைப்புகளின் வலிமை. அந்த இணைப்பைத்தான் சினாப்ஸ் என்கிறோம்.

நியூரான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதே வெகுகாலம் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. இத்தாலியின் கமிலோ கோல்ஜி, நரம்பு மண்டலம் முழுவதும் அறுபடாத ஒரே வலை என்றார். ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹால், ஒவ்வொரு நியூரானும் தனித்தனி என்றார். கஹால் அதைக் கண்டதே கோல்ஜி கண்டுபிடித்த சாயமேற்றும் முறையால்தான். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். மேடையிலும் இருவரும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் கஹால் சொன்னதுதான் சரி என்று ஆனது.

தனித்தனி என்றால் செய்தி எப்படித் தாவுகிறது? இதை 1921இல் காட்டியவர் ஓட்டோ லோவி. துடித்துக்கொண்டிருக்கும் தவளை இதயம் ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். பிறகு அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். இரண்டாவது இதயத்தின் நரம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைக் கக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் கிடையாது. இந்த யோசனை தனக்குக் கனவில் வந்தது என்று லோவி சொல்லியிருக்கிறார். முதல் இரவு எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லையாம். அடுத்த இரவும் அதே யோசனை வர, நேராக எழுந்து ஆய்வகத்துக்கு ஓடிவிட்டார்.

இனி ஒரே ஒரு சினாப்ஸை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். செய்தி அனுப்பும் நியூரானின் நுனி ஒரு பக்கம், வாங்கும் நியூரானின் பரப்பு எதிர்ப் பக்கம். நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி; அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அனுப்பும் நுனிக்குள் நுண்ணிய பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் சில ஆயிரம் வேதி மூலக்கூறுகள். மூளையில் பெரும்பாலும் அது குளூட்டமேட். மின்துடிப்பு நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. பை செல்லின் சுவரோடு ஒன்றாகி உடைந்து, உள்ளே இருப்பதை இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்ப் பக்கம் அதைப் பிடிக்கும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஏற்பி என்கிறார்கள். ஏற்பி திறக்கிறது, வாங்கும் செல்லில் சிறிய மின்மாற்றம் உண்டாகிறது. எல்லாம் நடந்து முடிய ஓரிரு மில்லிவினாடிதான் ஆகிறது. அப்புறம் கொட்டிய வேதிப்பொருள் உறிஞ்சி எடுக்கப்பட்டு, இடம் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் சினாப்ஸ்கள்.

பாடப் புத்தகப் படங்களில் அதிகம் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். மின்துடிப்பு வந்தால் பை கட்டாயம் உடையும் என்று இல்லை. மூளையின் பல சினாப்ஸ்களில் துடிப்பு வந்தும் எதுவுமே வெளியாகாமல் போவது சகஜம். ஆக, ஒரு சினாப்ஸின் ‘வலிமை’ என்பது கூடவும் குறையவும் கூடிய ஓர் அளவு. பை உடையும் வாய்ப்பு கூடினால் இணைப்பு பலமாகும். எதிர்ப் பக்கத்தில் ஏற்பிகள் அதிகமானாலும் பலமாகும். கற்றலுக்கு இடம் கொடுப்பதே இந்த நெகிழ்வுதான்.

1949இல் டொனால்ட் ஹெப் என்ற கனடா உளவியலாளர் ஒரு ஊகத்தை வைத்தார். ஒரு நியூரான் இன்னொன்றைத் தூண்டுவதில் திரும்பத் திரும்பப் பங்கெடுத்தால், அந்த இரண்டுக்கும் இடையிலான இணைப்பு பலப்படும் என்றார். அழகான ஊகம், ஆனால் அப்போது கையில் ஆதாரம் இல்லை.

ஆதாரத்தைத் தேடிப் போனவர்களில் ஒருவர் எரிக் கான்டெல். 1929இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938 நவம்பரில், ஒன்பதாவது பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், நாஜிக் காவலர்கள் வந்து அவர் குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்குக்குத் தப்பினார். அந்த நாட்கள் ஏன் தனக்குள் இவ்வளவு ஆழமாகப் பதிந்தன என்ற கேள்விதான் தன்னை நினைவு ஆராய்ச்சியில் இறக்கியது என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். முதலில் படித்தது வரலாறும் இலக்கியமும். மனப்பகுப்பாய்வு மருத்துவர் ஆவதுதான் திட்டம்.

அவர் தேர்ந்தெடுத்த விலங்கு அப்ளிசியா என்ற கடல் நத்தை. சக ஆய்வாளர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். மனித நினைவைப் புரிந்துகொள்ள நத்தையா என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதற்கு மொத்தமே சுமார் 20,000 நியூரான்கள். சில நியூரான்கள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பெரிதாக, வெறும் கண்ணுக்கே தெரியும். எந்த அப்ளிசியாவை எடுத்தாலும் அதே செல் அதே இடத்தில் இருக்கும். பெயர் வைத்தே அடையாளம் சொல்லலாம்.

அதன் உடலில் தண்ணீரை வெளியேற்றும் சிறு குழாய் ஒன்று உண்டு. அதை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், ஆபத்தில்லை என்று பழகி, இழுப்பது குறைந்துகொண்டே போகும். மாறாக, வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால், சும்மா தொட்டதற்கே செவுளை வேகமாக இழுக்கும். பயந்த பிராணி எதைக் கண்டாலும் துள்ளும் இல்லையா, அதுதான். ஒரு அதிர்ச்சி கொடுத்தால் இந்தப் பதற்றம் சில நிமிடங்களில் போய்விடும். இடைவெளி விட்டு நான்கைந்து தடவை கொடுத்தால் நாள்கணக்கில் நிற்கும். ஆக, நத்தைக்கும் குறுகிய கால நினைவு உண்டு, நீண்ட கால நினைவும் உண்டு.

இந்தச் செயலை நடத்தும் செல்களைக் கான்டெல் குழுவினர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்: 24 உணர்வு நியூரான்கள், செவுளை இழுக்கும் 6 இயக்க நியூரான்கள். மின்முனைகளைச் செருகிப் பார்த்தபோது செல்கள் அதேதான், அவை இணைந்திருந்த சுற்றும் அதேதான். உணர்வு நியூரானுக்கும் இயக்க நியூரானுக்கும் நடுவே உள்ள சினாப்ஸின் வலிமைதான் மாறியிருந்தது. பழகிப்போன நத்தையில் குளூட்டமேட் குறைவாக வெளியானது. அதிர்ச்சி கண்ட நத்தையில் அதிகமாக வெளியானது.

பிறகு நத்தையையே விட்டுவிட்டு, ஒரு உணர்வு நியூரான், ஒரு இயக்க நியூரான், இரண்டை மட்டும் ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். வால் அதிர்ச்சிக்குப் பதிலாக செரோடோனின் கொஞ்சம் விட்டார்கள். அதிர்ச்சியின்போது நத்தையின் உடலில் வெளியாகும் பொருள் அது. ஒரு தடவை விட்டால் இணைப்பு சில நிமிடங்கள் பலமானது. இடைவெளி விட்டு ஐந்து தடவை விட்டால் ஒரு நாளுக்கு மேல் பலம் நின்றது. அந்த நேரத்தில் புதிய புரதம் உருவாவதை மருந்து கொடுத்துத் தடுத்தால் குறுகிய கால மாற்றம் அப்படியே நடந்தது, நீண்ட கால மாற்றம் மட்டும் நடக்கவில்லை. குறுகிய கால நினைவுக்கு ஏற்கெனவே இருக்கும் புரதங்களைத் திருத்தினால் போதும். நீண்ட கால நினைவுக்குச் செய்தி செல்லின் உட்கருவரை போய், கிரெப் என்ற புரதத்தின் வழியாகச் சில மரபணுக்களை முடுக்கிவிட வேண்டும். விளைவாகப் புதிய சினாப்ஸ்களே முளைக்கின்றன. நீண்ட காலப் பதற்றம் கொண்ட நத்தைகளில் உணர்வு நியூரான்களின் முனைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. நீண்ட காலம் பழகிப்போனவற்றில் முனைகள் குறைந்திருந்தன. இந்தப் பணிக்காகக் கான்டெலுக்கு 2000இல் நோபல் பரிசு. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் பற்றியும் நியூரானுக்குள் செய்தி பரவுவதைப் பற்றியும் ஆய்ந்த ஆர்விட் கார்ல்சனும் பால் கிரீன்கார்டும் உடன் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, நத்தைக்குச் சரி. பெயர்களையும் முகங்களையும் நினைவில் வைக்கும் மூளைக்கு?

இங்கே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல், 27 வயதில், கடுமையான வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரண்டு பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. புதிய நினைவுகள் உண்டாவது நின்றுபோனது. அறையை விட்டுப் போய் வந்தவரை மறுபடி புதிதாகச் சந்திப்பதுபோல் வரவேற்பார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு வரையச் சொன்னார். முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் நன்றாக வரைந்தார். ஆனால் இதற்கு முன் வரைந்ததே இல்லை என்றார். கைப்பழக்கம் ஓரிடத்திலும், நிகழ்வுகளின் நினைவு ஹிப்போகேம்பஸை நம்பியும் உருவாகின்றன என்பது இப்படித்தான் தெரிந்தது.

ஆகவே ஆய்வாளர்களின் கண் ஹிப்போகேம்பஸின் சினாப்ஸ்கள் மேல் விழுந்தது. 1973இல் டிம் பிளிஸ், தேர்யே லோமோ இருவரும் ஓஸ்லோவில் மயக்கிய முயல்களில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஹிப்போகேம்பஸுக்குள் போகும் நரம்பிழைகளுக்குச் சில வினாடிகள் வேகமான மின்துடிப்புகள் கொடுத்தால், அந்தச் சினாப்ஸ்கள் அதன் பிறகு மணிக்கணக்கில் பலமாகவே இருந்தன. ஹெப் ஊகித்தது கண்முன் நடந்தது.

அது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிக நேர்த்தியான பகுதி. வாங்கும் செல்லில் குளூட்டமேட்டுக்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. ஆம்பா ஏற்பி அன்றாட வேலைக்காரன். குளூட்டமேட் வந்தால் திறக்கும், அவ்வளவுதான். என்.எம்.டி.ஏ. ஏற்பியின் வாயில் மக்னீசியம் அயனி ஒன்று தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து ஒட்டினாலும் வழி விடாது. வாங்கும் செல் ஏற்கெனவே போதுமான அளவு தூண்டப்பட்டிருந்தால் மட்டுமே மக்னீசியம் தள்ளப்பட்டு, கால்சியம் உள்ளே வரும். அனுப்பியவர் அனுப்பினாரா, அதே நேரத்தில் வாங்குபவர் விழித்திருந்தாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் கதவு திறக்கும். ஹெப்பின் விதி முழுவதும் ஒரே மூலக்கூறில் அடங்கிவிட்டது. உள்ளே வந்த கால்சியம் சில நொதிகளை முடுக்க, அவை கூடுதல் ஆம்பா ஏற்பிகளை அந்தச் சினாப்ஸில் கொண்டுவந்து பொருத்துகின்றன. அடுத்த தடவை அதே குளூட்டமேட்டுக்குப் பெரிய பதில் கிடைக்கும்.

இதற்கும் கற்பதற்கும் தொடர்பு உண்டா என்று 1986இல் ரிச்சர்ட் மோரிஸும் சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். கலங்கிய நீர்த்தொட்டியில் நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும். சில தடவையில் இடத்தைக் கற்றுக்கொள்ளும். என்.எம்.டி.ஏ. ஏற்பியை மருந்தால் தடுத்த எலிகள் நீந்துவதில் குறையில்லாமல் நீந்தின. மேடை இருக்கும் இடத்தைக் கற்பதில்தான் பின்தங்கின.

மனிதரிலும் இந்த ஏற்பி போனால் என்ன ஆகும் என்பதை இயற்கையே காட்டியிருக்கிறது. 2007இல் ஜோசப் டால்மாவும் உடன் ஆய்ந்தவர்களும் விவரித்த நோய் ஒன்றில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையே தாக்குகிறது. பெரும்பாலும் இளம் பெண்கள். திடீரென்று பொருத்தமில்லாமல் பேசுவார்கள், இல்லாததைப் பார்ப்பார்கள், நினைவு தடுமாறும், வலிப்பு வரும். மனநோய் என்று நினைத்து முதலில் மனநலப் பிரிவில் சேர்க்கப்படுவதும் நடக்கும். எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை சீக்கிரம் கிடைத்தால் பலர் குணமாகிறார்கள். ஏற்பிகள் திரும்பி வருகின்றன. நோய் உச்சத்தில் இருந்த வாரங்கள் மட்டும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அந்த வாரங்களில் பதிவதற்கான கருவியே பழுதாகியிருந்தது.

எல்லா மூளை நோய்களும் இவ்வளவு தெளிவாக இல்லை. பார்கின்சன் நோயில் டோபமைன் தரும் செல்களே அழிகின்றன. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரீனியாவில், வளரிளம் பருவத்தில் வேண்டாத சினாப்ஸ்களை மூளை இயல்பாகவே கழிப்பது அளவு மீறுகிறதோ என்று ஒரு கருத்து உண்டு; சி4 என்ற மரபணுவை வைத்து 2016இல் வந்த ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. அறிவுத்திறன் வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ராஜைல் எக்ஸ் குறைபாட்டில், சினாப்ஸில் புரதம் உருவாவதைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதம் இல்லாமல் போகிறது. அந்தப் புரதம் போடவேண்டிய தடையை வேறு வழியில் போட்டால் எலிகள் நன்றாகத் தேறின. அதே வகை மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுத்த சோதனைகளோ ஏமாற்றம்தான் தந்தன. எலியில் வென்றது என்ற செய்தித்தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அல்சைமர் நோயைப் பற்றிப் பேசும்போது அமிலாய்டு, டாவ் என்ற இரண்டு புரதங்கள் மூளையில் படிவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு நினைவு எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதோடு நெருக்கமாகப் பொருந்துவது அமிலாய்டு படிவங்களின் எண்ணிக்கை அல்ல, எத்தனை சினாப்ஸ்கள் இழக்கப்பட்டன என்பதுதான். 1991லேயே ராபர்ட் டெரி குழுவினர் இதைக் காட்டினார்கள். நியூரான்கள் பெருமளவில் சாவதற்கு முன்பே சினாப்ஸ்கள் தளர ஆரம்பிக்கின்றன. இப்போது கொடுக்கப்படும் மருந்துகளில் சிலவும் சினாப்ஸில்தான் வேலை செய்கின்றன. டோனெபெசில், அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சினாப்ஸில் சீக்கிரம் சிதையாமல் காக்கிறது. மெமன்டின், நாம் மேலே பார்த்த என்.எம்.டி.ஏ. ஏற்பியை மென்மையாக அடைக்கிறது. கற்பதற்குத் தேவையான ஏற்பியை ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்கலாம். கால்சியம் ஓயாமல் கசிந்தால் செல்லுக்கே கேடு. அந்தக் கசிவைத் தடுத்து, உண்மையான செய்தி வரும்போது விலகிவிடும் அளவுக்குத்தான் அது ஒட்டுகிறது. இரண்டுமே அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும், நோயை நிறுத்தாது. அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குச் சரிவு சற்று மெதுவாகிறது. இழந்த நினைவு திரும்புவதில்லை.

இழந்த நினைவு நிஜமாகவே அழிந்துவிட்டதா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சுசுமு தொனெகவாவின் ஆய்வகம் 2016இல் வெளியிட்ட எலி ஆய்வு இதில் முக்கியமானது. அல்சைமர் தொடக்க நிலைக்கு மாதிரியான எலிகள், ஒரு கூண்டில் மின்னதிர்ச்சி பட்டதை மறுநாள் மறந்துவிட்டன. அந்த அனுபவத்தின்போது வேலை செய்த ஹிப்போகேம்பஸ் செல்களை, ஒளி பட்டால் தூண்டப்படும்படி முன்பே அடையாளப்படுத்தியிருந்தார்கள். அவற்றின் மேல் நேரடியாக ஒளியைப் பாய்ச்சியதும் எலிகள் பயத்தில் உறைந்து நின்றன. நினைவு உள்ளேதான் இருந்தது, வெளியே எடுக்கும் வழிதான் தேய்ந்திருந்தது. அந்தச் செல்களில் சினாப்ஸ்கள் அமரும் சிறு முட்கள் குறைந்திருந்தன. ஒளியாலேயே அந்தச் சினாப்ஸ்களைத் திரும்பத் திரும்பப் பலப்படுத்தியபோது முட்கள் மறுபடி கூடின, ஒளி இல்லாமலும் எலிகளுக்கு ஞாபகம் வந்தது. நோய் முற்றி செல்களே செத்த பிறகு இது பலிக்காது. மரபணு மாற்றமும் மூளைக்குள் ஒளியிழையும் தேவைப்படும் இந்த முறையை நோயாளிகளிடம் அப்படியே செய்யவும் முடியாது.

மனிதர்களிடம் இப்போது செய்ய முடிவது, எண்ணிப் பார்ப்பது. முன்பெல்லாம் சினாப்ஸ்களை அளக்க வேண்டுமென்றால் இறந்த பிறகு மூளையை வெட்டித்தான் பார்க்க வேண்டும். 2016 முதல், சினாப்ஸ் பைகளின் மேல் இருக்கும் எஸ்.வி.2ஏ என்ற புரதத்தில் ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, உயிரோடு இருப்பவரின் சினாப்ஸ் அடர்த்தியை, அந்தக் கதிரியக்கத்தைப் படம்பிடிக்கும் பெட் (PET) ஸ்கேனில் பார்க்கிறார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லெவடிராசிட்டம் மாத்திரை போய் ஒட்டுவதும் இதே புரதத்தில்தான். தொடக்க நிலை அல்சைமர் உள்ளவர்களின் ஹிப்போகேம்பஸில் இந்த ஸ்கேன் தெளிவான குறைவைக் காட்டியிருக்கிறது. சினாப்ஸ்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும் மருந்துகள் உண்மையிலேயே காப்பாற்றுகின்றனவா என்று சோதிக்க ஆய்வாளர்கள் இந்த ஸ்கேனைத்தான் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.